எண்பது யூரோ முட்டை

கெண்ட் நகர மேடை வித்தைக்காரன் லீவன், முட்டைக்குள்ளிருந்து மோதிரம் எடுக்கும் வித்தையை வீட்டிலேயே வீடியோ பாடமாக எடுத்து, இணையத்தில் விற்பனைக்குப் போட்டான்.

"எண்பது யூரோவா? கேமரா என் தம்பியோடது, முட்டை நம்ம வீட்டுது. அப்படி என்ன செலவாச்சு?" என்றாள் மனைவி ஹில்டே.

"விலை வீடியோவுக்கு இல்ல, ரகசியத்துக்கு. மலிவாப் போட்டா கண்டவனும் வாங்குவான்."

"நாற்பதுன்னு போடு. இன்னிக்கே விக்கும் பாரு."

முனகிக்கொண்டே குறைத்தான். காபியைக் குடித்து முடிப்பதற்குள் கைபேசி சிணுங்கியது.

"வித்துடுச்சு!" என்று துள்ளியவன், வாங்கியவர் பெயரைப் பார்த்துத் திகைத்தான். ஹில்டே!

"கல்யாணம் பண்ணிக்கறியான்னு கேட்டு, இந்த மோதிரத்தை முட்டைக்குள்ளேருந்துதானே எடுத்து நீட்டினே? எப்படின்னு கேட்டா, பெண்டாட்டிகிட்டகூடச் சொல்லக்கூடாதுன்னே," என்று விரலைக் காட்டிச் சிரித்தாள் அவள். "வாடிக்கையாளர்கிட்ட சொல்லலாமில்ல?"