மூன்றாவது ஓலை

இவரும் நல்ல மனிதர்தான்.

கிருபாபாய் அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே, நாய்க்குட்டி, அதைக் கேட்டு வந்திருந்த ஜெயசிங்கின் மடியில் ஏறி அவருடைய சட்டைப் பொத்தானைக் கடித்துப் பார்த்தது. புதுத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. முத்தையாபுரத்தில் வேலி போட்ட வீடு. நாய் என்றால் உயிரை விடுகிற மனைவி.

குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் அவளை உறுத்தியது.

சங்கு குடோனில், சாக்குகளுக்கு நடுவே தாயில்லாமல் கிடந்த குட்டி அது. அதனால் பெயர் சங்கு. அதையும் சேர்த்து அவள் வீட்டில் ஏழு நாய்கள். ஆறு வரைக்கும் பொறுத்துக்கொண்ட வீட்டுச் சொந்தக்காரர் செல்லப்பாண்டி, இப்போது மதிலுக்கு மேல் தலையை மட்டும் வைத்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், பொழுது அடையுததுக்குள்ள ஏழாவது போயிரணும். இல்லன்னா வீட்டக் காலி பண்ணிருங்க. எல்லாத்துக்கும் சேத்து சங்கு ஊதிருவேன், பாத்துக்கிடுங்க!"

தன் பெயரைக் கேட்ட குட்டி அவரைப் பார்த்து வாலை ஆட்டியது.

கேட்டவுடன் தூக்கிக் கொடுக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. கல்யாணத்துக்கு முன் வேதக்கோவிலில் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரைச் சொல்லி ஓலை வாசிப்பார்கள், தடை சொல்ல நினைப்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும் என்று. கிருபாபாய் வீட்டில் நாய்க்குட்டிக்கும் அதே சட்டம். தங்க ஓரம் போட்ட கெட்டி அட்டை ஒன்றில் குட்டியின் பெயரையும் கேட்டவர் பெயரையும் எழுதி, ஆராதனை முடிந்து வந்ததும் நாய்கள் முன்னால் உரக்க வாசிப்பாள். கிழட்டு நாய் மெத்தூசலா ஒவ்வொரு ஓலைக்கும் தடை சொல்லி ஊளையிடும்.

இதென்ன பரிகாசம் என்று கண்டிக்க வந்த குருவானவருக்கே ஒரு குட்டியைப் பிடித்துப்போயிற்று. அவரும் மூன்று ஞாயிறு நடந்தார். அவருக்கும் மெத்தூசலா தடை சொன்னது.

மனம் மாறுகிறவர்கள் மூன்றாவது வாரத்தில்தான் மாறுவார்கள் என்பது கிருபாபாயின் எண்ணம். போன வருஷம் உப்பளக் கங்காணி ஒருவர் இரண்டு ஞாயிறு பிஸ்கட்டோடு வந்தார். மூன்றாவது ஞாயிறு, மாமியாருக்குத் தும்மல் வருகிறது என்று ஆள் சொல்லி அனுப்பினார். அந்தக் குட்டி சாயங்காலம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க முடியாமல் அவள் உள்ளே போய்விட்டாள்.

இன்று சங்குக்கு இரண்டாவது ஓலை.

"ரெண்டு வாசிச்சாச்சுல்லா டீச்சர்." ஜெயசிங் தான் கொண்டுவந்திருந்த பனையோலைப் பெட்டியைத் திறந்து, குட்டியை உள்ளே இறக்கினார். "இந்தப் பெட்டியும் ஓலைதான. இதையே மூணாவதா வச்சுக்கிடுங்க."

மதிலுக்கு மேலிருந்த தலை குலுங்கிச் சிரித்தது. மெத்தூசலாகூட ஊளையை நிறுத்திவிட்டது.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குட்டிக்கு ஒரு வீடு கிடைத்துவிடும். அவளுக்கும் இந்த வீடு நிலைக்கும்.

"ஒரு வாரத்துல என்ன மாறிரப் போவுது, டீச்சர்?"

கேட்டுக்கொண்டே அவர் அந்த அட்டையை எடுத்து விசிறிக்கொண்டார். கடற்காற்று நின்றுபோன மத்தியானம். விசிறும்போது அட்டை திரும்பியது.

மறுபக்கம் அச்செழுத்து. 1951, மே மாதம். மணமகன் அதிசயராஜ். மணமகள் கிருபாபாய்.

ஜெயசிங் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். போன மாதம்தான் புதுப் பெயிண்ட் அடித்த பலகை அங்கே தொங்கியது: செல்வி கிருபாபாய், ஆசிரியை.

அவர் அட்டையை மெல்லத் திருப்பி, சங்கின் பெயர் மேலே தெரியும்படி வைத்தார்.

"எத்தன ஓலை வாசிச்சாவ, டீச்சர்?"

"ரெண்டு."

மதிலுக்கு மேலிருந்த தலை சத்தமில்லாமல் கீழே இறங்கியது.

கிருபாபாய் பெட்டிக்குள் கைவிட்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டாள். பிறகு பெட்டியின் மூடியைப் பதமாக அழுத்தி மூடி, வெறும் பெட்டியை அடுத்த ஞாயிறுக்கு என்று ஜெயசிங்கின் கையில் கொடுத்தாள்.