துரை சொன்ன ஃப்ளாஷ் பாயிண்ட்

“சத்தம் போடாதீங்கப்பா! துரை இங்கிலீஷ்ல பேசுவாரு, நான் தமிழ்ல சொல்றேன். தெலுங்குக்காரங்களுக்குத் தெலுங்குலயும் சொல்றேன். நடுவுல யாரும் எந்திரிச்சுப் போகக் கூடாது, ஆமா!”

மெஹபூப் பாஷா ஸ்டூல் மேல் ஏறி நின்று கையை உயர்த்தியதும் பாகலூர் சந்தைத் திடல் அடங்கியது. எதிரே சுற்றுவட்டாரத்துச் சீமெண்ணெய்க் கடைக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் எண்ணெய் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார்.

இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டும் என்று துரை கேட்டபோது ஊரே கை காட்டியது பாஷாவைத்தான். இப்போது விளக்கும் ஸ்டவ்வும் விற்கிறார் என்றாலும், மதராஸ் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்கில் வருஷக்கணக்கில் குப்பை கொட்டியவர். மற்றவர்களுக்கு இங்கிலீஷ் ‘எஸ்’, ‘நோ’வைத் தாண்டாது.

பாஷாவின் கண் முன்வரிசையில் இருந்த திம்மராயனை விட்டு நகரவில்லை. பாகலூரிலேயே பெரிய கடை அவருடையது. பெங்களூர் லாரிக்காரர்கள் டிரம்மின் அடியில் மிஞ்சும் பெட்ரோலை அவருக்குச் சும்மாவே கொடுத்துவிட்டுப் போவார்கள். அதைச் சீமெண்ணெய்ப் பீப்பாயில் கலந்துவிட்டால் விளக்கு பளிச்சென்று எரியும் என்பது மனிதரின் அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த எண்ணெய் ஊற்றிய விளக்கைப் பற்றவைக்கப் போய்த்தான், போன மாதம் பாஷாவின் தங்கை சுக்ராவுக்கு முழங்கை வரை வெந்துபோனது.

பாஷா கடைக்கே போய்ச் சொல்லிப் பார்த்தார். “எண்ணெய் யாவாரத்தை எனக்கே கத்துக்குடுக்க வந்துட்டியா பாய்? உன் தங்கச்சிக்குத் திரி ஏத்தத் தெரியல” என்று சிரித்து அனுப்பிவிட்டார் திம்மராயன். அடுத்து எந்த வீடு எரியப்போகிறதோ என்ற கவலை பாஷாவை விடவே இல்லை.

துரை தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். பேச்சினூடே இரண்டு கைகளாலும் காற்றில் பெரிய சதுரம் ஒன்று வரைந்து காட்டினார்.

“துரை என்ன சொல்றாருன்னா,” என்றார் பாஷா கணீரென்று, “கம்பெனியில இவ்ளோ பெரிய சோதனைப் பெட்டி வாங்கியிருக்காங்களாம். கடை கடையா எடுத்துட்டு வந்து, உங்க எண்ணெயைச் சூடு பண்ணிப் பாப்பாங்களாம்.”

“சூடு பண்ணி என்னத்தப் பாக்கறது?” என்று கேட்டார் உத்தனப்பள்ளிக் கரியப்பன்.

பாஷா துரை பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டார். துரை கையை மேலே, இன்னும் மேலே என்று உயர்த்திக் காட்டி விளக்கினார்.

“ஃப்ளாஷ் பாயிண்ட்டுனு ஒண்ணு இருக்கு. எண்ணெயோட ஆவி எந்தச் சூட்டுல தீப் புடிக்குதோ, அதான் அது. நல்ல சீமெண்ணெய்க்கு அது இதோ, இவ்ளோ உசரத்துல நிக்கணும். கொஞ்சம் பெட்ரோலு கலந்தாப் போதும், பொத்துனு தரைக்கு வந்துரும். அப்புறம் அது வெளக்கு இல்ல, வெடி.”

திம்மராயன் நெளிந்தார். “வெளிச்சம் நல்லா வருமே பாய்?”

“இரு, கேட்டுச் சொல்றேன்.”

பாஷா கேட்டார். துரை முகத்தைச் சுளித்து, கூடவே கூடாது என்று தலையை ஆட்டி, உள்ளங்கையில் முஷ்டியால் ஓங்கி ஓங்கிக் குத்தினார்.

“வெளிச்சம் வரும், பின்னாலயே ஜெயிலும் வரும்ங்கறாரு. கலப்படம் தெரிஞ்சா, லைசென்ஸ் மேல ‘ரத்து’ன்னு நங்கு நங்குனு சீல் குத்திருவாங்களாம்!”

கூட்டம் தங்களுக்குள் குசுகுசுத்துக்கொண்டது. திம்மராயன் ஸ்டூல் பக்கமாக வந்து நின்றார். முகமெல்லாம் வேர்வை.

“பாய், தெரியாமப் பண்ணிட்டேன். துரைகிட்ட எம் பேரை மட்டும் சொல்லிராத. கலந்த பீப்பாய் ரெண்டு கெடக்குது. அதை என்ன பண்ணட்டும்?”

பாஷா மறுபடி இங்கிலீஷுக்குத் தாவினார். துரை சிரித்துக்கொண்டே, ஊரைத் தாண்டிப் போகும் ரோட்டைக் கை காட்டினார்.

“பேரைச் சொல்லல, பயப்படாத. ஊருக்கு வெளிய, அடுப்பு வெளக்கு இல்லாத எடமாப் பாத்து, குழி வெட்டிக் கொட்டச் சொல்றாரு. இன்னிக்கே!”

“இன்னிக்கே கொட்டிர்றேன் சாமி!” என்று துரையைப் பார்த்துப் பெரிய கும்பிடாகப் போட்டார் திம்மராயன். துரைக்கு ஒரே பூரிப்பு. பதிலுக்கு அவரும் கும்பிட்டு, பாஷாவின் கையைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிவிட்டு வேனில் ஏறினார்.

மத்தியானம் திம்மராயனின் மாட்டுவண்டி பீப்பாய்களோடு ஊரெல்லைக்குப் போவதை, கைக்கட்டோடு வாசலில் நின்று பார்த்தாள் சுக்ரா. உள்ளே வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

“எங்கியோ பொறந்த மனுசன், நம்ம மேல இவ்ளோ அக்கறையாப் பேசியிருக்காரேண்ணே! அவரு நல்லா இருக்கணும்.”

“நல்லாவே இருக்கட்டும்.” பாஷா நிம்மதியாகச் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். “நீ மட்டும் வெளிய மூச்சு விட்டுராத. அந்த மனுசன் அவ்ளோ நேரம் பேசினது, கம்பெனி விளம்பர போர்டை எவ்ளோ உசரத்துல, ரோட்டைப் பாத்து, கயித்துல கட்டாம ஆணி அடிச்சு மாட்டணும்ங்கறதைப் பத்தி மட்டுந்தான்!”