பீரோவுக்குள் பாடகி

தெருவில் போகும் பஸ் சத்தம் பதிவில் விழாமல் இருக்க, புதிதாகத் தொடங்கிய அந்த இசைக்குழுவில் பாடகி எமல்டாவைக் கைபேசியோடு மர பீரோவுக்குள் நிற்க வைத்துப் பயிற்சியைப் பதிவு செய்தார்கள். வெளியே நின்றால் இரண்டாவது வரியிலேயே கம்மிப்போகும் குரல், தொங்கும் சட்டைகளுக்கு நடுவிலிருந்து கணீரென்று வந்தது. டிரம்ஸ் வாசிக்கும் திவாகர் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டான். பாடும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்ற யோசனையிலேயே தாளத்தைத் தவறவிட்டான்.

"ஒரே ஒரு தடவ தொறந்து பாக்கட்டா?"

"பாத்தா பாட்டு நின்னுரும்" என்றது பீரோ.

முதல் கச்சேரிக்கு, வேறு வழியில்லாமல், பீரோவையே மேடையில் தூக்கி வைத்தார்கள். கூட்டம் சிரித்தது, பாட்டு தொடங்கியதும் அடங்கியது. பாதிப் பாட்டில் கதவு உள்ளிருந்து மெல்லத் திறந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். திவாகர் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தாளம் தப்பாமல் அடித்தான்.