முந்நூற்றைம்பது கிராம் நியாயம்

கத்தியால் உறையைக் கீறியதும் உள்ளேயிருந்து வெள்ளைப் பொடி மேஜையில் கொட்டியது. கூரியர் கடைகளைச் சோதிக்க வந்த ஆய்வாளர் மகோகாவின் முகம், காத்துக் கிடந்த பதவி உயர்வே எதிரில் வந்து நின்றதுபோல் மலர்ந்தது.

"என்னது இது?"

"உகாலி மாவு சார்," என்றாள் நஃபுலா.

மகோகா விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். சாட்சாத் மக்காச்சோள மாவு. முகம் கொஞ்சம் வாடியது.

"லெட்டர் போற கவருக்குள்ள மாவு எதுக்கு?"

"எடைக்கு சார்."

முந்நூற்றைம்பது கிராமுக்குக் குறைந்த கடிதத்தை அரசாங்கத் தபால் மட்டும்தான் தொடலாம் என்பது சட்டம். அதற்கு மேல் கனத்தால் லைசென்ஸ் வாங்கிய கூரியர்காரர்கள் கொண்டுபோகலாம். எங்கள் ஊரிலிருந்து நைரோபிக்குத் தபாலில் எழுதினால், பிள்ளை பிறந்த சேதி அது நடை பழகும் சமயத்தில் போய்ச் சேரும்.

ஆகவே பேருந்து நிலையத்தில் கூரியர் கவுண்டர் நடத்தும் நஃபுலா, ஒவ்வொரு கடிதத்தோடும் ஒரு பொட்டலம் மாவைச் சேர்த்து ஒட்டி இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். காலையில் கடிதமும் போய்விடும், பெற்றுக்கொண்டவர் வீட்டில் மதியச் சாப்பாட்டுக் கவலையும் தீர்ந்துவிடும்.

"சட்டத்தையே ஏமாத்துறியா நீ?"

"எங்க சார் ஏமாத்துனேன்? சட்டம் எடை கேட்டுச்சு, குடுத்தேன்."

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த பைக் டாக்ஸிக்காரன் எகேசாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடுத்த தடவை கொஞ்சம் பீன்ஸும் சேர்த்துப் போடுக்கா. எங்க தம்பி அங்க வெறும் உகாலியாத் தின்னு இளைச்சுப் போயிட்டான்."

மகோகா சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு அவருக்குச் சம்பளம் கிடையாது.

"கடிதத்தோட எடைன்னா காகிதத்தோட எடை. உள்ள பொருளை வச்சு எடை கூட்டுனா குற்றம். ஒரு கிராம்னாலும் சட்டம் சட்டம்தான்!" என்றவர், தன் வசனத்தில் தானே மயங்கி, அதையே அறிக்கையின் முதல் வரியாக எழுதினார்.

நஃபுலாவின் புருஷன் இன்னொருத்தியோடு மொம்பாசாவில் கடற்காற்று வாங்கப் போனதிலிருந்து, வீட்டு வாடகையும் இரண்டு பெண்களின் பள்ளிக்கூடச் செலவும் இந்த ஒரு கவுண்டரிலிருந்துதான் வருகிறது.

"சார், இதை விட்டா எனக்கு வேற பொழைப்பு இல்ல. இந்த ஒரு தடவை எச்சரிக்கை குடுத்து விட்டுடுங்க."

"இந்த வாரம் இந்த ஊர்ல இருந்த அத்தனை கூரியரையும் பூட்டி சீல் வச்சுட்டேன். நீதான் பாக்கி. உன்னை மட்டும் விட்டா என் பேரு என்னாகிறது?"

"எப்ப சார் மூடுவீங்க?"

"இந்த அறிக்கை, அசல் கையெழுத்தோட, மை முத்திரையோட, நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள நைரோபி தலைமை ஆபீஸுக்குப் போய்ச் சேரணும். சேர்ந்த நிமிஷமே உன் லைசென்ஸ் ரத்து."

"சேரலேன்னா?" என்றான் எகேசா.

"சோதனையே செல்லாது. ஆனா அது எப்படிய்யா சேராமப் போகும்? என் சர்வீஸ்ல ஒரு அறிக்கைகூட ஒருநாள் தாமதமாப் போனதில்ல, தெரியுமா?"

மகோகாவோடு வந்திருந்த உதவியாளர், கவுண்டருக்கடியில் இருந்த மாவு மூட்டையைச் சாட்சியாக ஜீப்பில் ஏற்றிக்கொண்டு காவல் நிலையத்துக்குக் கிளம்பினார். மகோகா அறிக்கையை அழகாக மடித்து உறையில் போட்டு ஒட்டினார். முகவரி எழுதினார். முத்திரையும் குத்தினார். பிறகு உறையைக் கையில் பிடித்தபடி, வழக்கமாகப் போகும் கூரியர் கடைப் பக்கம் நாலடி நடந்தார்.

கதவில் அவர் வைத்த அரக்கு இன்னும் பளபளத்தது. அதற்குப் பக்கத்துக் கடையிலும் அதே அரக்கு. எதிர் வரிசையிலும் அதே. ஒவ்வொன்றும் கச்சிதமான வேலை.

நைரோபி பஸ் ஹாரன் அடித்தது. மகோகா திரும்பி வந்தார். வேர்த்திருந்தது.

"நேர்லயே கொண்டுபோய்க் குடுத்துடலாமே சார்?" என்று எகேசா அக்கறையாகக் கேட்டான்.

"ஊரை விட்டுப் போகணும்னா மேலிடத்து அனுமதி வேணும்யா."

"வாங்கிடுங்க."

"அது தபால்ல வரணும்."

எகேசா மரியாதைக்காக டீ டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மகோகா கவுண்டர்மேல் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"நஃபுலாம்மா, உங்க லைசென்ஸ் நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் உயிரோடதான் இருக்கு. இதை அந்த பஸ்ல போட்டுடுங்களேன். காசு எவ்வளவுன்னாலும் தர்றேன்."

தன் கழுத்துக்கான கயிற்றைத் தன்னையே அனுப்பச் சொல்லும் அந்த மனிதரை நஃபுலா நிமிர்ந்து பார்த்தாள். உறையை வாங்கித் தராசில் வைத்தாள். முள் லேசாக அசைந்து, நாற்பது கிராமில் நின்றது.

"எடை போதலேன்னா ஒரு பொட்டலம் மாவு வச்சுக்குங்க," என்றார் மகோகா அவசரமாக. "நானே எதிர்க் கடையில வாங்கியாரேன்."

பஸ் நகரத் தொடங்கியது. நஃபுலா உறையை எடுத்து, இரண்டு கையாலும் பணிவாக அவரிடமே நீட்டினாள்.

"ஒரு கிராம்னாலும் சட்டம் சட்டம்தான் சார், தபாலாபீஸ் அந்தப் பக்கம்."