மணி அடிக்க வந்தவர்

"ஏங்க டெய்லர், உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

கேட்டுக்கொண்டே வெளியே வந்தார் எதிர் வீட்டு மேனேஜரம்மா.

டெய்லர் வீட்டு வாசலில் ஓர் ஆள் நின்றிருந்தார். அழைப்பு மணியை நோக்கிப் போன விரல் பாதியிலேயே திரும்பி வந்தது. சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"நாலு நாளா பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். பயந்து சாகிற மனுஷனைக் கூப்பிட்டு மணி அடிக்க வைக்கிறீங்களே!"

டெய்லர் கதவை ஒரு சாண் திறந்தார். மறு கையில் நாயின் கழுத்துப்பட்டை.

"சாயங்காலம் நம்ம குடியிருப்புச் சங்கத்து செகரட்டரி வர்றார்மா. அவர் மேல கரியன் பாய்ஞ்சா, இன்னைக்கே கொண்டுபோய் விட்டுடணுமாம். மணி அடிச்சா பாயில உட்காரணும்னு பழக்குறேன்."

"அதுக்கு இந்த அப்பாவிதான் கிடைச்சாரா?"

"வேற ஒருத்தரும் வரலைம்மா."

"எப்படி வருவாங்க? போன மாசம் தண்ணி கேன் போடுறவர் காலைப் பதம் பார்த்துச்சே! பாவம், அந்த மனுஷனுக்காகத்தான் புகார்ல முதல் கையெழுத்தே நான் போட்டேன்."

டெய்லர் கதவைச் சாத்தினார்.

மணி அடித்தது.

உள்ளே இடி மாதிரி ஒரு குரைப்பு. அந்த ஆள் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆனால் நகரவில்லை.

"கரியா, பாயில உட்காரு!"

நகங்கள் தரையைப் பிறாண்டும் சத்தம். கதவு திறந்தது.

கரியன் பாயில் இருந்தது. பல் தெரிந்தது. தொண்டைக்குள் உறுமல்.

அவர் ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. நாயின் கண்ணைப் பார்க்காமல் ஒரு பிஸ்கட்டைக் கீழே போட்டார்.

மேனேஜரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

உறுமல் நின்றது. பிஸ்கட் நொறுங்கியது. வால் ஒரு தடவை தரையைத் தட்டியது.

"ஐயா, யாராவது கட்டாயப்படுத்தினா சொல்லுங்க. நான் கேட்கிறேன்."

"இல்லைம்மா, நானாத்தான் வர்றேன். கடிபட்டது நான்தான். அது பயத்துல கடிச்சிடுச்சு. அதுக்காக வீட்டை விட்டா துரத்துறது?"

"அந்தக் கேன்காரர் நீங்களா? உங்களை நான் பார்த்ததே இல்லையே!"

அவர் லேசாகச் சிரித்தார்.

"எட்டு வருஷமா உங்க வீட்டுக்கும் நான்தாம்மா போடுறேன்."