நேற்று இல்லாத சுமைதாங்கி

"இந்தக் கல்லு யாருக்குன்னு சொல்லுங்க மிஸ். உங்க புத்தகத்துலதான் பேரு இருக்கணும்."

சுந்தரலிங்கம் கங்காணி ரப்பர் மலைப் பாதையை மறித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ரப்பர் பால் வாளிகளோடு பெண்கள். காலை பத்து மணி ஆகியும் மரங்களுக்கு அடியில் வெளிச்சம் இல்லை.

மருத்துவிச்சி இராஜகுமாரி கல்லைப் பார்த்தாள். நட்டுவைத்த இரண்டு கல், அவற்றின் மேல் குறுக்காக ஒரு பலகைக் கல். நேற்று மத்தியானம் வரை அந்த இடத்தில் புல்தான் இருந்தது.

சுமைதாங்கி. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவளுக்கு வைக்கிற கல். போகிறவர் வருகிறவர் அதில் பாரத்தை இறக்கினால், இறக்காமலே போனவளின் சுமை ஆறும் என்பார்கள்.

"நான் தெரியாம வாளிய மேல வச்சிட்டேன் மிஸ்" என்றாள் சுஜீதா. "பாலப் பாருங்க."

வாளியில் பால் கட்டிப் போயிருந்தது. தூறல் விழுந்தால் பால் திரியும் என்று இராஜகுமாரிக்குத் தெரியும். ஆனாலும் தொடப் போன விரலை மடக்கிக்கொண்டாள்.

பதிவுப் புத்தகத்தைத் திறந்து கர்ப்பிணிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் யாராவது ஒருத்தி "இருக்கா மிஸ்" என்றாள்.

"பதினோரு பேரும் நல்லா இருக்காங்க. செத்தவ யாரும் இல்ல."

"அப்ப இது இனிமே சாகப் போறவளுக்கு" என்றாள் சுஜீதா. அவளை யாரும் அடக்கவில்லை.

அப்போதுதான் இராஜகுமாரி பலகைக் கல்லை உற்றுப் பார்த்தாள். நடுவில் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஓரத்தில் சவர்க்காரத்தின் வெள்ளை. துணி துவைக்கிற கல். புத்தகத்தில் இல்லாத பன்னிரண்டாவது பெயர் ஒன்று அவளுக்கு நினைவுக்கு வந்தது.

போன வாரம் பிரஷாந்தினி இராஜகுமாரியின் வாசலில் வந்து நின்றாள். "இது எனக்கு வேணாம் மிஸ். ஏதாவது வழி…"

"அந்தப் பேச்சையே எடுக்காத. சட்டமும் விடாது, சாமியும் விடாது. நல்லபடியா பெத்துக்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள் இராஜகுமாரி.

ஈரமில்லாதவள் அல்ல அவள். இந்தத் தோட்டத்துக்கு வருவதற்கு முன்னால், இதேபோல் அழுத ஒருத்திக்கு மனம் இளகி, கருக் கலைக்கிற ஓர் இடத்தின் விலாசம் எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெண் வேனில் பிணமாகத் திரும்பி வந்தாள். குளிப்பாட்டியதும் இராஜகுமாரிதான். இனி ஒருத்திக்கும் வழி சொல்வதில்லை என்று அன்றைக்கு எடுத்த முடிவு அது.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினாள். பிரஷாந்தினி வீட்டுத் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் துவைக்கிற கல் இல்லை. கல் இருந்த இடத்தில் பள்ளம், அதில் மண்புழுக்கள். வாசலில் பிரஷாந்தினி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. உதடு நாவல் பழம் தின்றவளுக்குப் போல நீலம் பாரித்திருந்தது. பக்கத்தில் கட்டிவைத்த பை.

"கல்ல வச்சது நீதான?"

"ஆமாங்க மிஸ். நேத்து சாயந்திரம். உக்காந்து உக்காந்துதான் கொண்டு போனேன்."

"உயிரோட இருக்கிறப்பவே யாராவது தனக்குக் கல்லு வப்பாங்களா?"

"செத்தப்புறம் எங்க வீட்டுக்காரங்க வைக்க மாட்டாங்க மிஸ். வயித்துப் புள்ளைய மறைச்சு, காய்ச்சல்னு சொல்லிப் பொதைச்சிருவாங்க."

இராஜகுமாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போகாத பிரஷாந்தினி. கலைக்கிறேன்னு போனவ ஒருத்திய நான் பொணமா பார்த்திருக்கேன். உன்னையும் அப்படிப் பார்க்க என்னால முடியாது."

"நான் எங்கயும் போகலையே மிஸ்."

"அப்ப பை?"

"புள்ளைங்க உடுப்பு. தெஹியோவிட்டையில அம்மாகிட்ட விடப் போறேன். இப்பவே பழகிக்கட்டும்."

பிரஷாந்தினி இடுப்பில் செருகியிருந்த ஒரு பழைய கிளினிக் அட்டையை எடுத்து நீட்டினாள். சின்னவன் பிறந்தபோது பெரியாஸ்பத்திரி டாக்டர் எழுதியது. இதய வால்வு கெட்டுவிட்டது, இன்னொரு பிள்ளை தங்கினால் தாயின் உயிர் தங்காது. கீழே சிவப்பில் இரண்டு கோடு.

இராஜகுமாரி அதை இரண்டு தரம் வாசித்தாள். "இத ஏன் அன்னைக்கே காட்டல?"

"கையிலதான் வச்சிருந்தேன். அதுக்குள்ள நீங்க கதவச் சாத்திட்டீங்க."

அவள் ஒருமுறை மூச்சை இழுத்து விட்டுச் சிரிக்கப் பார்த்தாள்.

"நீங்க சொன்னபடியே இதப் பெத்துக்கத்தான் போறேன் மிஸ். அதுக்குத்தான் கல்லு வச்சேன்."