மாமா சுட்ட அட்டை

துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் நகுலேஸ்வரனுக்கு வியர்த்துக்கொட்டியது. அதைத் தலைகீழாகப் பிடித்தான். கடைக்காரன் சிரித்தபடி சரியாகத் திருப்பிக் கொடுத்து, பிரெஞ்சில் ஏதோ சொன்னான்.

"மாமா, அப்பிடியில்லை! அடியைத் தோளிலை வையுங்கோ," என்றாள் அக்காவின் ஆறு வயது மகள் நிரோஜா. மேலே தொங்கிய பெரிய நீலக் கரடியை விட்டு அவள் கண் அசையவில்லை.

வெறும் காற்றுத் துப்பாக்கிதான். மிளகளவு ஈயக் குண்டுகள் ஐந்து தருவார்கள். எதிரே மாட்டியிருக்கும் அட்டையின் நடுவில் சிவப்பு வட்டம். அதில் மூன்று குண்டு பட்டால் கரடி வீட்டுக்கு வரும்.

"என்னடா விறைச்சுப்போய் நிக்கிறாய்?" அக்கா ஜெகதீஸ்வரிக்குப் பொறுமை போய்விட்டது. "எங்கட வீட்டு ஆக்கள் இங்கை வந்து சும்மா வேடிக்கை பாத்துக்கொண்டு நிக்கிறேல்லை. சுடு!"

அது அவள் வீட்டுச் சட்டம். மொன்றியலுக்கு வெளியே ஒவ்வோர் ஓகஸ்டிலும் நடக்கும் இந்த விவசாயக் கண்காட்சிக்கு ரொக்ஸ்பரோவிலிருந்து குடும்பமாகப் புறப்பட்டு வந்து, ஆளுக்கொரு போட்டியில் இறங்கிவிடுவார்கள். அவளுடைய கத்தரிக்காய் காய்கறிப் போட்டிக்குப் போகும். அத்தான் மரம் அரியும் போட்டியில் மூச்சு வாங்குவார், நிரோஜா சாக்குக்குள் நின்று ஓடுவாள். கனடாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத தம்பிக்கு நிரோஜா தேடிப்பிடித்துக் கொடுத்தது இந்தத் துப்பாக்கி சுடும் கடை.

"எனக்கு உது சரிவராது அக்கா. வேணுமெண்டா நானும் சாக்கு ஓட்டம் ஓடுறன்."

"அது சின்னப் பிள்ளையளுக்கடா!"

"துவக்கெண்டால் எனக்குப் பயமக்கா." அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தக் கணத்தில் அவனுடைய பெரிய பயம், கையில் ஐஸ்கிரீமோடு பின்னால் நின்றுகொண்டிருந்தது.

அதன் பெயர் ஞானேந்திரன். அகதி விசாரணைகளில் தமிழ் மொழிபெயர்ப்பவர். போன மாதம் நகுலேஸ்வரனின் விசாரணையிலும் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் அவர்தான். "என்ர வாழ்க்கையிலை துவக்கைத் தொட்டதே இல்லை" என்று இவன் சொன்னதை, அதிகாரிக்குப் பிரெஞ்சில் சொன்ன வாய்தான் இப்போது ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தது. இத்தனை பெரிய நாட்டில் அந்த மனிதருக்கு வேறு இடமா கிடைக்கவில்லை!

"என்ன தம்பி, முடிவு வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை ஐயா."

"வரும், வரும். சுடுங்கோ, நானும் ஒருக்காப் பாப்பம்."

ஊரில் மறுபடியும் சண்டை தொடங்கியிருந்த நேரம். வழக்குத் தோற்றால் விமானம் ஏற்றிவிடுவார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் யார் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள் என்பது நகுலேஸ்வரனுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு குண்டு நடுவில் பட்டால் போதும். தற்செயல் என்றால் யார் நம்புவார்கள்? இந்த மனிதர் விசாரணை அதிகாரியிடம் போய் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது. துப்பாக்கியை வைத்துவிட்டு ஓடிவிடலாம்தான். ஓடினால் அதுவும் சந்தேகம்.

மூச்சைப் பிடித்துக்கொண்டான். சிவப்பு வட்டத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. கண்ணைக் கீழே இறக்கிக்கொண்டு சுட்டான்.

"ஐயோ மாமா, நடுவிலை சுடுங்கோ!" என்று நிரோஜா துள்ளினாள்.

மறுபடியும் சுட்டான். மறுபடியும். குண்டுகள் எல்லாம் தீர்ந்த பிறகும் சிவப்பு வட்டம் புதுக்கருக்குக் குலையாமல் அப்படியே இருந்தது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கடைக்காரன் அட்டையைக் கழற்றி நிரோஜாவிடம் கொடுத்துவிட்டுக் கையை விரித்தான். கீழ் மூலையில் ஒரேயொரு ஓட்டை. அவள் அதற்குள் சுண்டுவிரலை விட்டு ஆட்டிப் பார்த்தாள். பிறகு அட்டையை மேசையில் எறிந்துவிட்டு அழத் தொடங்கினாள்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஒண்டுதான் அட்டையிலையே பட்டிருக்கு! மிச்சமெல்லாம் காத்திலை போயிட்டுது. உன்னை வைச்சு ஒரு காகம்கூடக் கலைக்கேலாதடா!"

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நகுலேஸ்வரனும் சேர்ந்து சிரித்தான். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவன் எதிலும் தோற்றதில்லை.

"வா பிள்ளை, பஞ்சுமிட்டாய் வாங்கித் தாறன். மாமாவுக்கு ஒண்டும் இல்லை," என்று அக்கா நிரோஜாவை இழுத்துக்கொண்டு போனாள்.

ஞானேந்திரன் போகவில்லை. மேசையில் கிடந்த அட்டையை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்த ஓட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். நகுலேஸ்வரனின் சிரிப்பு நின்றுபோனது.

"ஐயா... அது சும்மா விளையாட்டுக்கு..."

அவர் அட்டையை இரண்டாகக் கிழித்தார். பிறகு நான்காக, எட்டாக, விரலால் பிடிக்க முடியாத துண்டுகளாகக் கிழித்துக் குப்பைத்தொட்டிக்குள் போட்டார். அக்கா போன பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவன் காதோரமாகக் குனிந்தார்.

"தம்பி, இனி எங்கையாவது சுடவேண்டி வந்தால், அஞ்சு குண்டையும் ஒரே ஓட்டையாலை விடாதேங்கோ."